பிலிப்பைன்ஸ் வரலாற்றில் எந்த ஏட்டை நம்புவது?

டவாவ் நகரில் மருத்துவம் படிக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். செபுத் தீவின் அரசை நிறுவியவன் ஒரு சோழ இளவரசன் என்று காணொளி ஒன்று சொல்கிறதே, அது உண்மையா? கலந்தியாவ் என்ற தலைவன் 1433இல் இயற்றிய சட்டத்தை வகுப்புத் தோழரின் அப்பா பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறார், தோழரோ அது மோசடி என்கிறார், யார் சொல்வது சரி? பிலிப்பைன்ஸ் வரலாற்றை முதலிலிருந்து படிக்க நல்ல புத்தகம் எது? மூன்றையும் சேர்த்து வாசித்தபோது நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. ஒரே உறுதியோடு சொல்லப்படும் இரண்டு கதைகளில் எதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதை அந்த நாட்டுக்குப் புதிதாக வந்த ஒருவர் எப்படிக் கண்டுகொள்வது? அதற்குத்தான் பெரும்பாலும் பதில் சொல்லப் போகிறேன். புத்தகங்கள் பின்னால் வரும்.

கல்லூரியில் பல ஆண்டுகள் தென்கிழக்காசிய வரலாறு கற்பித்தவன் நான். ஸ்பானிய மொழியை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் படிப்பேன். தகாலோக் ஓரளவு புரியும். சீனம் அறவே தெரியாது. ஆகவே சீன ஆவணங்களைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மொழிபெயர்த்தவர்களை நம்பிச் சொல்வது. என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது மூன்று விஷயங்கள்: இந்தச் செய்தியை முதன்முதலில் எழுதியவர் யார், நடந்ததற்கும் எழுதியதற்கும் இடையில் எத்தனை காலம், அந்த ஏடு யார் யார் கை மாறி நம்மிடம் வந்தது. ஒரு செய்தி நம்பும்படி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே இவற்றைக் கேட்டுவிட வேண்டும். நம்பும்படி எழுதுவது கடினமான வேலை அல்ல.

சோழ இளவரசனிலிருந்து தொடங்கலாம். ஸ்ரீ லுமாய் என்ற அந்த இளவரசனின் ஆதாரத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்தால், ஜோவித்தோ அபெல்லானா 1952இல் செபுவானோ மொழியில் தந்த ஒரு கதைப்பாடலில் வந்து நிற்போம். அதற்கு முன்னால் தடம் இல்லை. 1521இல் செபுவில் வாரக்கணக்கில் தங்கி, அதன் தலைவன் ஹுமபோனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், மகெல்லன் கப்பலில் வந்த அந்தோனியோ பிகஃபெட்டா, அவன் உடலில் இருந்த பச்சைக் குத்தலைக்கூடக் குறித்து வைத்தவர், சோழ வம்சம் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நம் பக்கத்துச் சான்றையும் பாருங்கள். முதலாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ வென்ற ஊர்களை வரிசையாகச் சொல்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம். சில ஊர்களின் இருப்பிடம் பற்றி இன்றும் வாதம் உண்டு. ஆனால் ஆய்வாளர்கள் தேடுவது சுமத்திரா, மலாய்த் தீபகற்பம், நிக்கோபார் பக்கத்தில்தான். வென்றதைப் பெருக்கிச் சொல்வதற்கென்றே எழுதப்படும் மெய்க்கீர்த்தியே சொல்லாத வெற்றியை நாம் ஏன் சோழனுக்குச் சூட்ட வேண்டும்? செபுவின் தலைவர்கள் ‘ராஜா’ என்று அழைக்கப்பட்டார்கள் என்பதையும் சான்றாகக் காட்டுவார்கள். அந்தப் பட்டம் மலாய் உலகம் முழுவதும் பரவியிருந்தது. அதை வைத்து எவருடைய குலத்தையும் நிறுவ முடியாது. நம்மவர்களுக்கு இந்தக் கதை பிடித்திருக்கிறது, அதனால் பரவுகிறது. அவ்வளவுதான்.

கலந்தியாவ் கதை இதைவிடப் பல மடங்கு சுவையானது. அதில் ஒரு நாடே ஏமாந்தது. உங்கள் தோழர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் அப்பா மனப்பாடம் செய்ததும் பொய்யில்லை. நெக்ரோஸ் தீவைச் சேர்ந்த ஹோசே மார்கோ என்பவர் 1914இல் மணிலாவின் அரசு நூலகத்துக்குச் சில பழைய கையெழுத்து ஏடுகளைக் கொடுத்தார். ஹோசே மரியா பாவோன் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1838, 1839 ஆண்டுகளில் எழுதியவை என்று சொல்லப்பட்ட அவற்றுக்குள் 1433ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. பதினெட்டுப் பிரிவுகள். எறும்புகள் கடிக்க விடுவது, முள்ளால் அடிப்பது, ஆற்றில் மூழ்கடிப்பது என்று விதவிதமான தண்டனைகள். நூலகத்தின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற அமெரிக்க அறிஞர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1917இல் வெளியிட்டார். அறிஞர் கைபட்டதும் ஏடு ஆதாரமாகிவிட்டது. பாடநூல்களில் ஏறியது. 1971இல் நீதித்துறையில் சிறந்தவர்களுக்குக் கலந்தியாவ் பெயரில் அரசு விருது உருவானது. கடற்படைக் கப்பல் ஒன்றுக்குக்கூட அவன் பெயர் வைத்தார்கள். 1981ஆம் ஆண்டுப் புயலில் அது கரைதட்டிக் கவிழ்ந்தது. இல்லாத மனிதனின் பெயரைத் தாங்கிய கப்பல் என்ற வகையில் அதற்கும் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

இதை உடைத்தவர் வில்லியம் ஹென்றி ஸ்காட். வட லூசோனின் சகாடா மலையூரில் பள்ளி ஆசிரியராக இருந்த அமெரிக்கர். மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட வேலை, கேட்பதற்குச் சலிப்பூட்டக்கூடியது: ஸ்பானியர் வருவதற்கு முந்தைய காலத்துக்கு ஆதாரம் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றையும் எடுத்து அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது. கலந்தியாவ் சட்டத்தை மார்கோவுக்கு முன் பார்த்தவர் யார் என்று தேடினார். ஒருவரும் இல்லை. ஏட்டின் உள்ளே பார்த்தார். ஸ்பெயினின் அரியணையில் சிறுமி இசபெல் அரசியாக இருந்த காலத்தில் எழுதியதாகச் சொல்லப்பட்ட நூல் ஸ்பெயின் மன்னருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் நடுப் பிலிப்பைன்ஸின் விசயாத் தீவுகளை நேரில் கண்டு எழுதிய ஸ்பானியர்கள் அபராதத்தையும் கடன் அடிமைத்தனத்தையும்தான் வழக்கமான தண்டனைகளாகச் சொல்கிறார்கள். பாவோன் ஏட்டின் கொடூரங்கள் அந்தச் சமூகத்தோடு ஒட்டவே இல்லை. மார்கோ கொடுத்த மற்ற ஏடுகளும் சந்தேகத்துக்குரியவை. 1872இல் மரண தண்டனைக்கு ஆளான பாதிரியார் புர்கோஸ் எழுதியதாக ஒரு நாவலையே அவர் படைத்துக் கொடுத்தார். ஸ்காட் 1968இல் தன் ஆய்வேட்டை முன்வைத்தபோது பிலிப்பைன்ஸின் பெரிய வரலாற்றாசிரியர்கள் சிலர் தேர்வாளர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கலந்தியாவுக்காக வாதாட அவர்களில் எவரும் முன்வரவில்லை. நாட்டின் வரலாற்று நிறுவனம் அதை அதிகாரபூர்வமாக நிராகரித்தது 2004இல். ஆய்வுக்கும் அறிவிப்புக்கும் இடையில் முப்பத்தாறு ஆண்டுகள்! உங்கள் தோழரின் அப்பா பள்ளிக்குப் போனது அந்த இடைவெளியிலோ அதற்குச் சற்று முன்போ இருக்கும்.

இதன் பக்கத்தில் வைத்து மரக்தாஸ் என்ற கதையையும் பார்க்க வேண்டும். போர்னியோவிலிருந்து பத்துத் தலைவர்கள் கொடுங்கோலனுக்கு அஞ்சிப் படகேறிப் பனாய்த் தீவுக்கு வந்து, தங்கத் தொப்பி கொடுத்து நிலம் வாங்கிய கதை. பேத்ரோ மோன்தெக்லாரோ 1907இல் அச்சிட்டது. இதையும் பழங்கால ஆவணம் என்று பாடநூல்கள் எழுதின. ஸ்காட் இதை மோசடி என்று சொல்லவில்லை. ஊரில் வழங்கிய மரபுக் கதையை ஒருவர் தொகுத்து எழுதியிருக்கிறார், அவர் செய்ததில் குற்றமில்லை, அதைச் சட்டப்புத்தகம்போலத் தூக்கிப் பிடித்தவர்கள்தான் தவறு செய்தார்கள் என்பது அவர் முடிவு. பொய் ஏடும் நாட்டார் மரபும் ஒன்றல்ல. 1907ஆம் ஆண்டுப் பனாய் மக்கள் தங்கள் மூதாதையரைப் பற்றி என்ன நம்பினார்கள் என்பதற்கு மரக்தாஸ் நல்ல ஆதாரம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக்கு அது ஆதாரம் ஆகாது.

அப்படியானால் ஸ்பானியருக்கு முன்னால் எழுத்துச் சான்றே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில் நம் மனதுக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். லகூனா மாகாணத்தில் லும்பாங் ஆற்று முகத்துவாரத்தின் அருகே மணல் அள்ளிய ஒருவர் கையில் கிடைத்த செப்பேடு அது. பழம்பொருள் வணிகர்களிடம் சுற்றி, கடைசியில் தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்தது. மிந்தோரோ தீவின் மங்யான் மக்களிடையே வாழ்ந்த அன்டூன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர் படித்து 1992இல் வெளியிட்டார். ‘ஸ்வஸ்தி’ என்று தொடங்குகிறது. சக ஆண்டு 822, வைசாக மாதம், தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை. நம் ஊர்க் கோயில் கல்வெட்டைப் படித்தவருக்கு வேறு நாட்டுச் செப்பேடு என்றே தோன்றாது. எழுத்து காவி, பல்லவர் எழுத்திலிருந்து சாவகத்தில், அதாவது ஜாவாவில், வளர்ந்தது. மொழி பழைய மலாய், சமஸ்கிருதமும் பழைய சாவக மொழியும் கலந்தது. செய்தி, நம்வரன் என்பவன் பட்ட பொன் கடன் தீர்ந்துவிட்டது, அவன் வழியினரை இனி யாரும் கேட்கக் கூடாது என்ற விடுதலைப் பத்திரம். அரசனின் வெற்றியோ கோயில் தானமோ அல்ல, ஒரு கடன் கணக்கு. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது நீங்கள் கேட்கலாம்: கலந்தியாவ் ஏடும் யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது, இதுவும் வணிகர்கள் கை மாறி வந்தது, ஒன்றை எறிந்துவிட்டு மற்றதை எப்படி ஏற்கிறீர்கள்? சரியான கேள்வி. அகழாய்வில் அடுக்கோடு கிடைக்காதது இந்தச் செப்பேட்டின் பெரிய குறை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஏட்டுக்கு வெளியே, மோசடி செய்பவனின் கை எட்டாத இடங்களில் இதைச் சோதிக்க முடிகிறது. அதில் சொன்ன திதியும் கிழமையும் கணக்குப் போட்டால் பொருந்தி, கி.பி. 900 ஏப்ரல் 21 என்று வருகிறது. எழுத்தின் வடிவம் அந்தக் காலத்துச் சாவகச் சாசனங்களோடு ஒத்துப்போகிறது. இந்தோனேசியக் கல்வெட்டுகளில் தோய்ந்த தி காஸ்பரிஸ் போன்ற அறிஞர் ஏற்றுக்கொண்டார். கலந்தியாவ் ஏட்டை வெளியே வைத்துச் சோதித்தபோது அது ஒவ்வொரு இடத்திலும் உடைந்தது. இது நின்றது. நின்றவரையில் ஏற்கலாம். காலமும் மொழியும் எழுத்தும் கடன் செய்தியும் உறுதி. அதில் வரும் துண்டுன் என்ற இடப்பெயர் இன்றைய மணிலாவின் தோண்டோவைக் குறிக்கிறது என்பது போஸ்ட்மாவின் கருத்து, பெரும்பாலோர் ஏற்கிறார்கள், ஆனாலும் கருத்துதான். வாசகம் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. எனவே இன்னொரு தகடு இருந்திருக்கலாம். ‘900இல் தோண்டோ பேரரசு’ என்று வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டு வண்ணம் பூசிக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுகளுக்கு இந்தத் தகட்டில் ஒரு எழுத்தும் ஆதாரமில்லை.

சீனக் குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோங் அரசவைக்கு 1001இல் புதுவானிலிருந்து தூது வந்ததை அவர்களின் ஆவணம் பதிவு செய்கிறது. இன்றைய மிந்தனாவ் தீவின் வடகரையில் உள்ள புதுவான்தான் அது என்பது பரவலான கருத்து. 1225இல் சாவ் ருகுவா எழுதிய நூலில் மா-யி என்ற நாட்டு வணிகர்கள் சரக்கைக் கடனாக எடுத்துக்கொண்டு போய் எட்டு ஒன்பது மாதம் கழித்து நேர்மையாகத் திரும்பி வந்து கணக்குத் தீர்த்தார்கள் என்று இருக்கிறது. சாவ் ருகுவா துறைமுக அதிகாரி. அந்தத் தீவுகளுக்குப் போனதில்லை, போய் வந்தவர்களைக் கேட்டு எழுதினார். வணிகம் பற்றி அவர் சொன்னால் கவனமாகக் கேட்கலாம். அது அவர் தொழில்.

பிகஃபெட்டாவிடம் கொஞ்சம் அதிக நேரம் நிற்க வேண்டும். நீங்கள் முதலில் முழுமையாகப் படிக்க வேண்டிய மூல ஏடு அவருடையது என்பது என் எண்ணம். விசென்சா நகரத்து இத்தாலியர். மகெல்லனோடு கப்பல் ஏறி, 1521 மார்ச் 16 அன்று சமார்த் தீவைக் கண்டு, 1522 செப்டம்பரில் ஸ்பெயினுக்குத் திரும்பிய பதினெட்டுப் பேரில் ஒருவர். அவர் கையால் எழுதிய மூலம் இன்று இல்லை. நான்கு படிகள் இருக்கின்றன, ஒன்று இத்தாலியம், மூன்று பிரெஞ்சு. ஆள் மகெல்லனிடம் மயங்கியவர். தலைவன் விழுந்தபோது எங்கள் கண்ணாடி, எங்கள் ஒளி, எங்கள் ஆறுதல், எங்கள் மெய்யான வழிகாட்டி போய்விட்டார் என்று எழுதுகிறார். இப்படிப்பட்டவர் தலைவனின் தவற்றை எழுதுவாரா என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் செபுவை அடுத்த மக்தான் தீவில் அன்று நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 27. படகுகள் பாறைகளால் கரையை நெருங்க முடியவில்லை. தொடை அளவு நீரில் நாற்பத்தொன்பது பேர் இறங்கி நடக்கிறார்கள், பதினொருவர் படகுக் காவலுக்கு. கரையில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் எதிரிகள் என்கிறார். முதல் எண்ணை நம்புகிறேன். கூட இருந்தவர்களை எண்ணத் தெரியும். இரண்டாவது எண், அம்புக்கு நடுவில் பின்வாங்கிய ஒருவர் பார்த்த கூட்டம். ‘நிறையப் பேர்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எடுக்க மாட்டேன். துப்பாக்கி எட்டாத தூரத்திலிருந்து வீணாகச் சுட்டதையும், தங்கள் ஆட்கள் ஓடியதையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். விரும்பும் தலைவனுக்குச் சாதகமில்லாத செய்தியை ஒருவர் சொல்லும்போது அதன் எடை கூடுகிறது.

அதே போரில் அவர் முகத்தில் நச்சு அம்பு பட்டு வீங்கிவிடுகிறது. அதனால் மே 1 அன்று ஹுமபோன் அழைத்த விருந்துக்கு அவர் போகவில்லை. போனவர்கள் பெரும்பாலும் கொல்லப்பட்டார்கள். மக்தானை எழுதியவர் நேரில் கண்டவர். நான்கு நாள் கழித்து நடந்த கொலையை எழுதியவர் அதே மனிதர், அதே ஏடு, ஆனால் கேட்டு எழுதியவர். ஒரு நூலை ‘நம்பகமானது’ என்று மொத்தமாக முத்திரை குத்த முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. பக்கத்துக்குப் பக்கம் சாட்சியின் தரம் மாறும்.

லாப்பு-லாப்பு பற்றி அவர் சொல்வது மிகக் கொஞ்சம். மக்தானின் இரண்டு தலைவர்களில் ஒருவன், ஸ்பெயின் மன்னனுக்குப் பணிய மறுத்தவன். இன்னொரு தலைவன் சூலா தன் மகன் மூலம் இரண்டு ஆடுகளை அனுப்பி, லாப்பு-லாப்பு தடுப்பதால் மீதியை அனுப்ப முடியவில்லை, படகு நிறைய ஆட்களை அனுப்புங்கள் என்று கேட்டான். அதாவது அந்தப் போருக்குள் ஓர் உள்ளூர்ப் பகையும் இருந்தது. மகெல்லனை லாப்பு-லாப்பு தன் கையால் வெட்டினான் என்று பிகஃபெட்டா சொல்லவே இல்லை. ஒருவன் காலில் வெட்டினான், விழுந்ததும் பலர் பாய்ந்தார்கள், அவ்வளவுதான். சிலைகளும் ஓவியங்களும் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தியது பிற்காலம். லாப்பு-லாப்புவின் தரப்பிலிருந்து அந்த நாளைச் சொல்லும் ஒரு வரியும் கிடைத்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு பிகஃபெட்டாவைப் படிக்க வேண்டும்.

மகெல்லனின் அடிமையும் மொழிபெயர்ப்பாளருமான என்ரிக்கேதான் உலகை முதலில் சுற்றியவர், அவர் பிலிப்பினோ என்ற செய்தியும் உங்களுக்கு நிச்சயம் வந்து சேரும். மகெல்லனின் உயில் அவரை மலாக்காவைச் சேர்ந்தவர் என்கிறது. பிகஃபெட்டா சுமத்திராக்காரர் என்கிறார். இரண்டுமே அவரை அறிந்தவர்கள் எழுதியவை, இரண்டும் முரண்படுகின்றன, இரண்டிலும் செபு இல்லை. லிமசாவா தீவின் அருகே வந்தபோது அவர் பேச்சு அங்குள்ளவர்களுக்குப் புரிந்தது என்பதை வைத்துக் கட்டிய வாதம் அது. மலாய் அன்று துறைமுகங்களின் பொது மொழி. தலைவர்களுக்கு அது தெரிந்திருந்ததில் வியப்பில்லை. முடியாதது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆதாரம் காட்டப்படவில்லை.

ஸ்பானியர் நிலையாகக் குடியேறிய 1565க்குப் பிறகு ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. சிக்கல், பெரும்பாலும் எழுதியவர்கள் பாதிரியார்களும் ஸ்பானிய அதிகாரிகளும். அவற்றில் பெரும் பகுதியை எம்மா பிளேரும், நாம் மேலே பார்த்த அதே ராபர்ட்சனும் ஆங்கிலத்தில் 55 தொகுதிகளாக 1903 முதல் 1909 வரை வெளியிட்டார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை விட்டால் ஸ்பானியம் தெரியாதவருக்கு வேறு கதி இல்லை. ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்கள் அமெரிக்க ஆட்சி வேரூன்றிய ஆண்டுகளில் வேலை செய்த அமெரிக்கர்கள். மொழிபெயர்ப்பிலும் குறைகள் உண்டு. ஒரு வரியை வைத்துப் பெரிய வாதம் கட்டப் போகிறீர்கள் என்றால் மூல ஸ்பானியத்தை யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். அதிகாரிகளின் ஏடுகளை எப்படிப் படிப்பது என்பதையும் ஸ்காட்டே கற்றுத் தந்தார். ஆட்சியாளரின் காகிதத்தில் இருக்கும் விரிசல்களைத் தேடச் சொன்னார். ஒரே தடையுத்தரவு பல முறை பிறப்பிக்கப்பட்டால் யாரும் அதை மதிக்கவில்லை என்று பொருள். போஹோல் தீவை ஸ்பெயின் ஆண்டது என்று வரைபடம் சொல்லும். அதே தீவின் மலைகளில் தகோஹோய் தொடங்கிய கிளர்ச்சி 1744 முதல் 1829 வரை எண்பத்தைந்து ஆண்டுகள் நீடித்தது என்பதை ஸ்பெயினின் படைச் செய்திகளிலிருந்தே அறிகிறோம்.

அதிகாரியின் ஏட்டைச் சந்தேகிக்கக் கற்றதும், உள்நாட்டவர் எழுதியதெல்லாம் உண்மை என்ற மறு எல்லைக்குப் போய்விடுவது புதியவர்களுக்கு வழக்கம். 1872 ஜனவரி 20 அன்று கவீத்தே படைக்கொட்டிலில் வீரர்களும் தொழிலாளர்களும் கலகம் செய்தார்கள். பிப்ரவரி 17 அன்று கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று பாதிரியார்கள் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார்கள். ஆளுநர் இஸ்கியெர்தோ இதை நாட்டைக் கவிழ்க்கும் பெரும் சதி என்று மேலிடத்துக்கு எழுதினார். பிலிப்பினோ அறிஞர் த்ரினிதாத் பார்தோ தெ தவேரா, வரி விலக்கும் கட்டாய உழைப்பு விலக்கும் பறிபோன ஆத்திரத்தில் வெடித்த உள்ளூர்க் கலகத்தைப் பெரிதாக்கி எதிரிகளை ஒழிக்கப் பயன்படுத்தினார்கள் என்றார். தவேரா சொல்வதுதான் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் கலகத்தின்போது அவர் பதின்பருவச் சிறுவர், அதையொட்டி நாடுகடத்தப்பட்டவர்களில் அவருடைய அப்பாவின் சகோதரரும் ஒருவர் என்பதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

1896இல் புரட்சித் தலைவர் பொனிஃபாசியோவின் தோழர்கள் வரிச் சீட்டைக் கிழித்து ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சியை அறிவித்த நாளும் இடமும் இன்னும் சிக்கலானவை. பியோ வலென்சுவேலா கைதான புதிதில் பாலிந்தவாக் என்றார். பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்பில் புகாத் லாவின், ஆகஸ்ட் 23 என்றார். மசாங்காய் பாலிந்தவாக், ஆகஸ்ட் 26 என்றார். சந்தியாகோ ஆல்வாரெஸ் 24 என்றார். அரசு 1963இல் 23ஐத் தேர்ந்தெடுத்தது. ஓடி ஒளிந்துகொண்டிருந்த கூட்டம் பல நாள் பல இடங்களில் கூடியது, எல்லோரும் ஒரே கூட்டத்தை நினைவுகூரவில்லை என்பதே எனக்குத் தோன்றும் விளக்கம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அரசு தேதி விடுமுறைக்கும் விழாவுக்கும் உதவும், வலென்சுவேலாவின் முரண்பாட்டைத் தீர்க்காது.

எண்களைப் பற்றி ஒரு சொல். பிலிப்பைன்ஸ்-அமெரிக்கப் போரில் 1899 முதல் 1902 வரை இறந்த பொதுமக்கள் இரண்டு லட்சம் வரை என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்றுப் பக்கமே சொல்கிறது. பத்து லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு. யாரும் உடல்களை எண்ணவில்லை. இவை மதிப்பீடுகள். பஞ்சத்திலும் 1902இல் பரவிய காலராவிலும் இறந்தவர்களைப் போர்க் கணக்கில் சேர்ப்பதா என்பதிலேயே எண் பல மடங்கு மாறும். இராணுவச் சட்டத்தால் ஆண்ட அதிபர், மூத்த மார்கோஸின் ஆட்சி பற்றிய சண்டையிலும் இதைச் செய்து பாருங்கள். இராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வாரியத்திடம் விண்ணப்பித்தவர்கள் 75,000க்கும் மேல். வாரியம் ஆவணம் பார்த்து ஏற்றது 11,103 பேரை. முதல் எண்ணைச் சொல்லி ஒருவரும், இரண்டாவதைச் சொல்லி ‘அவ்வளவுதானே’ என்று இன்னொருவரும் வாதிடுவார்கள். பிந்தையது பாதிக்கப்பட்டவர்களின் மொத்தம் அல்ல, நிரூபிக்க முடிந்தவர்களின் மொத்தம். இதற்கு மாறாக, இரண்டாம் உலகப் போரில் கெரில்லாத் தலைவராக இருந்தார் என்ற மார்கோஸின் கதையில் மயக்கமே இல்லை. அவர் நடத்தியதாகச் சொன்ன கெரில்லாப் படைக்கு அங்கீகாரம் கேட்டபோது அமெரிக்க இராணுவம் விசாரித்துப் பொய் என்று தள்ளிய கோப்பு 1986 ஜனவரியில் வெளிவந்தது. அந்தக் கோப்பை எழுதியவர்களுக்கு 1940களில் அவருடைய பிற்கால அரசியலோடு எந்தப் பகையும் இருந்திருக்க முடியாது.

புத்தகம் கேட்டீர்கள். பொது வரலாற்றுக்குத் தியோதோரோ அகோன்சில்யோவின் கல்லூரிப் பாடநூலும் ரெனாத்தோ கான்ஸ்தந்தினோவின் 1975ஆம் ஆண்டு நூலும் எங்கும் கிடைக்கும். இரண்டும் தேசியப் பார்வை கொண்டவை, இரண்டுக்கும் மணிலாதான் மையம். பதினாறாம் நூற்றாண்டுச் சமூகத்துக்கு ஸ்காட் எழுதி, அவர் மறைந்த பின் 1994இல் வெளிவந்த நூலை மிஞ்ச எதுவும் இல்லை. எளிய மக்கள் புரட்சியை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு ரெய்னால்தோ இலெத்தோ. அவரை இரண்டாம் ஆண்டில் படியுங்கள், முதல் மாதத்தில் வேண்டாம். மணிலாவுக்குப் போனால் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது.

நீங்கள் இருப்பது மிந்தனாவில் என்பதை மறந்துவிட வேண்டாம். டவாவை ஓயாங்குரென் என்ற ஸ்பானியர் தாது பாகோவிடமிருந்து 1848இல்தான் கைப்பற்றினார். மேலே சொன்ன ‘முந்நூறு ஆண்டு ஸ்பானிய ஆட்சி’ப் புத்தகங்களில் உங்கள் ஊர் கடைசி ஐம்பது ஆண்டுகளுக்கு மட்டுமே பொருந்தும். சூலு, மகிந்தனாவ் சுல்தான்களின் வழித்தோன்றல்கள் தர்சிலா என்ற வம்சாவளி ஏடுகளை வைத்திருந்தார்கள். நஜீப் சலீபி சிலவற்றை மொழிபெயர்த்து 1905இல் வெளியிட்டார், சேசர் மஹுல் அவற்றை மற்ற சான்றுகளோடு ஒப்பிட்டு பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களின் வரலாற்றை 1973இல் எழுதினார். ஆட்சியுரிமையை நிலைநாட்ட எழுதப்பட்ட வம்சாவளி என்பதால் தொடக்கத் தலைமுறைகள் நபிகள் குலம் வரை நீளும். அங்கே சந்தேகத்தோடும், அண்மைத் தலைமுறைகளில் சற்று நம்பிக்கையோடும் படிக்கலாம். உங்கள் வகுப்பில் மரனாவ் அல்லது மகிந்தனாவ் மாணவர் யாராவது இருந்தால், வீட்டில் தர்சிலா இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, எப்போது படியெடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.